பகலில் ஊன்றுகோல், இரவில் தூண்

 

ஊன்றுகோல் என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுபவர் யார்? பள்ளிவாசலின் சுவரோரம் தடியைச் சாய்த்து வைத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர்தானே? எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் நாற்பத்தேழு வயதில் என் இடது முழங்கால் படியேற மறுக்கத் தொடங்கியபோதும், "ஒரு கம்பை ஊன்றிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?" என்று என் துணைவியார் கேட்டபோதும், நான் செவிசாய்க்கவில்லை. மாணவர்கள் முன்னிலையில் தடியூன்றி நடப்பதா என்னும் கூச்சம்! மூஸா நபி (அலை) அவர்களின் கைத்தடியைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகின்ற எனக்கே அந்தக் கூச்சம் இருந்ததென்றால் மற்றவர்களைச் சொல்வானேன்?

அந்தக் கூச்சம் என்னைவிட்டு எப்படி அகன்றது என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கையில் இருக்கும் வீடு

என் மூத்த மகன் கோவையில் தாவரவியல் படிக்கின்றான். அவன் என் வழியில் வந்து ஓர் ஆலிமாக வேண்டும் என்பது என் ஆசை. அவன் ஆசை வேறாக இருந்தது. இரண்டு ஆண்டுகளாக எங்களிடையே ஸலாமும் பதில் ஸலாமும் தவிர நீண்ட பேச்சு என்று எதுவும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவன் சென்ற ஆண்டு அக்டோபர் விடுமுறைக்கு வந்தபோது, "அத்தா, போடிக்கு மேற்கே மாமுவோட மாந்தோப்பு வரைக்கும் நடந்து போய், ராத்திரி அங்கேயே தங்கிட்டு வருவோமா?" என்று கேட்டான். மறுக்க மனம் வரவில்லை.

அவன் கொண்டுவந்திருந்த பையைப் பிரித்துப் பார்த்தேன். மெல்லிய அலுமினியக் கோல்கள் இரண்டு. கைக்குட்டை போல் மடிந்து உள்ளங்கையில் அடங்கும் நைலான் துணி ஒன்று. சிறு முளைகள் எட்டு. ஒரு கயிற்றுச் சுருள். "இதுதான் அத்தா நம்ம வீடு" என்றான்.

"துணி இருக்கிறது, கயிறு இருக்கிறது. கூடாரத்தைத் தாங்கும் தூண் எங்கே?" என்றேன் நகைப்போடு.

"தூண் ஒங்க கையிலதான் இருக்கு" என்று சொல்லி, கோல்களில் ஒன்றை என் கையில் வைத்தான்.

நேயர்களே! இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, எளிய கணக்குத்தான். இருவர் தங்கக்கூடிய வழக்கமான கூடாரம் தனக்கென்று தூண்களையும் வளைவுக் கம்பிகளையும் சேர்த்துக்கொண்டு 2 முதல் 3 கிலோ வரை எடை காட்டும். மலையேறுவோர் பலர் முழங்காலின் சுமையைக் குறைக்கக் கையில் இரு கோல்களை ஊன்றி நடக்கின்றார்கள். இறங்குமுகத்தில்தான் அவற்றின் அருமை தெரியும். ஆனால் பகலெல்லாம் உழைத்த அந்தக் கோல்கள் இரவில் வெறுமனே கிடக்கின்றன. அவற்றையே தூணாக நட்டால் என்ன என்று சிந்தித்தவர்கள், கூடாரத்தின் தூண்களை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். மிஞ்சியது அரைக்கிலோ அளவிலான ஒரு கூரைத்துணி மட்டுமே. கடைகளில் 'ட்ரெக்கிங் போல்' என்று கேட்டால் கிடைக்கும் இந்தக் கோல்களைக் குடைக்காம்பு போல் நீட்டவும் சுருக்கவும் இயலும். ஆகவே நடைக்கு ஓர் உயரம், கூரைக்கு ஓர் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுமை குறைத்தவர்கள்

ஒரு பொருள் இரு வேலை செய்தால் ஒரு சுமை குறைகின்றது. இதை அறிந்தவர்கள் முன்னரும் இருந்திருக்கின்றார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒவ்வொரு வீரனும் பாதிக் கூடாரத் துணியை மட்டுமே சுமந்து சென்றான். மாலையில் இரு வீரர்கள் தத்தம் பாதிகளைப் பொத்தானிட்டு இணைத்துக்கொள்வார்கள். மரக்கொம்பு கிடைக்காத இடத்தில் துப்பாக்கியையே தூணாக நட்டுக்கொண்டதும் உண்டு. தோழன் இல்லாதவனுக்குக் கூரை இல்லை!

1955-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரில் 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடும்பாதையை எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி தனியாக நடந்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 67. பதினொரு மக்களைப் பெற்ற தாய் அவர். அவரிடம் விலையுயர்ந்த கூடாரம் இல்லை. தாமே தைத்த ஒரு பை, சாதாரணத் துணிக் காலணி, ஓர் ஊன்றுகோல், மழைக்கு மறைப்பாகக் குளியலறைத் திரை ஒன்று. இவற்றோடு அவர் நடந்தார். பின்னாளில் குறைந்த சுமையோடு நடப்பதை ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டவர்கள் அந்த மூதாட்டியை மதிப்போடு நினைவுகூர்கின்றார்கள்.

நம் பகுதிக்கும் கூடாரம் புதிதன்று. பாளையம் என்றால் படை தங்கும் இடம் அல்லவா? உத்தமபாளையத்தின் பெயரிலேயே ஒரு கூடார நகரம் ஒளிந்திருக்கின்றது. கூடலூருக்கு அப்பால் குமுளி மலைச்சாலை தொடங்கும் இடத்திற்கு 'லோயர் கேம்ப்' என்றே பெயர். அதுவும் முகாமைக் குறிக்கும் சொல்தான். முகாம்களின் பெயரைத் தாங்கிய மண்ணில் வாழ்ந்துகொண்டு, ஒரு துணிக்கூரையை நிறுத்தத் தெரியாதவனாக நான் இருந்தேன். அந்த இரவுதான் எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது.

அந்த இரவு

கையில் கோலோடு நடந்த முதல் ஒரு மணி நேரம், எதிரே வருபவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. இரண்டாம் மணி நேரத்தில் முழங்கால் வலி இல்லாததைக் கவனித்தேன். அதன்பின் யார் பார்த்தார்கள் என்பதை நான் பார்க்கவில்லை.

தோப்பை அடைந்ததும், மாமரங்களுக்கு அப்பால் புதிதாக உழுது போட்டிருந்த வெற்றிடத்தில் மகன் கூரையை நிறுத்தினான். இரு முனைகளிலும் இரு கோல்கள், நடுவே முகடு, இருபுறமும் சரிந்து இறங்கும் துணி. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. மலை தெரியட்டும் என்று வாசலை மேற்கே வைக்கச் சொன்னவன் நான்.

இரவு பத்து மணிக்கு மேல் மலையிலிருந்து காற்று இறங்கியது, பின்னாலேயே மழை. மேற்கு முனையின் முளை உழுத மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறக்க, கோல் சாய, நனைந்த துணி எங்கள் முகத்தின் மேல் விழுந்தது. இருட்டில் எழுந்து அமர்ந்த நான், "வீடு என்று சொன்னாயே, இதுதானா உன் வீடு? எதையும் முழுதாகப் படிப்பதில்லை!" என்று கடிந்துகொண்டேன். நான் கூரையைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் மறுமொழி சொல்லவில்லை.

அப்போது அடுத்த தோப்பிலிருந்து ஒரு டார்ச் விளக்கு அசைந்து வந்தது. உரத்திற்காக அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி அவர். இராமநாதபுரம் சீமைக்காரர். சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டியிருந்தார்.

"என்ன பாய், கூரை விழுந்துபோச்சா?"

"கம்பு சாஞ்சிருச்சு அண்ணே" என்றேன்.

"கம்பு மேல பழி போடாதீக. கம்பு சும்மா நிக்கிறது. கயிறும் மொளையும்தான் அத நிக்க வைக்குது. உழுத மண்ணுல இத்தனூண்டு மொளை தாங்குமா? மலைக்காத்து எறங்குற பக்கம் வாசலத் தொறந்து வச்சா உள்ள வந்த காத்து சும்மா போகுமா?"

சொல்லிக்கொண்டே வரப்போரத்திலிருந்து தேங்காய் அளவுக் கற்களைக் கொண்டுவந்தார். கயிற்றின் நுனியை ஒரு குச்சியின் நடுவில் கட்டி, குச்சியை ஒரு முழ ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்து, மண்ணை மிதித்து, அதன்மேல் கல்லை ஏற்றினார். இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. வாசலைக் கிழக்கே திருப்பினோம். கோல்களைச் சாண் அளவு சுருக்கி, துணியின் விளிம்பைத் தரையோடு தாழ்த்தினோம். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. தேநீருக்குக்கூட நிற்காமல், "குட்டி நனையும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். விடியும்வரை மழை விட்டுவிட்டுப் பெய்தது. கூரை நின்றது.

பழைய பாடம், புதிய பொருள்

எனக்கு உறக்கம் வரவில்லை. கயிறும் முளையும் என்று அவர் சொன்ன சொல் என்னை எங்கோ இழுத்துச் சென்றது.

எட்டாம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் என்னும் பேரறிஞர்தாம் அரபுக் கவிதைக்கு யாப்பிலக்கணம் வகுத்தவர். செய்யுளின் உறுப்புகளுக்குப் பெயரிட அவர் எங்கும் தேடி அலையவில்லை. பாலைவன மக்கள் வாழ்ந்த கூடாரமே அவருக்குக் கைகொடுத்தது. ஒரு முழு அடிக்கு 'பைத்து' என்று பெயர். வீடு என்று பொருள். அதன் பாதிக்கு 'மிஸ்ராஃ'. கதவின் ஒரு பாதி. அசைகள் சேர்ந்த சிற்றுறுப்புகளில் ஒன்று 'ஸபப்', அது கயிறு. மற்றொன்று 'வதத்', அது முளை.

இதைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்தி வருகின்றேன். ஆனால், தூணின் பெயரை விட்டுவிட்டுக் கயிற்றின் பெயரையும் முளையின் பெயரையும் அவர் அடிப்படை உறுப்புகளுக்கு ஏன் இட்டார் என்று ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. செய்யுளின் இடையே ஓசைக்காகச் சிறு நெகிழ்ச்சி செய்யலாம் என்று இலக்கணம் இடம் கொடுக்கின்றது. ஆனால் அந்த நெகிழ்ச்சி 'கயிற்றில்' மட்டுமே வரலாம், 'முளையில்' வரக்கூடாது. கயிறு நெகிழலாம், முளை அசையக்கூடாது! கூடாரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவை இருந்திருக்காது. அரபு மட்டும்தானா? நம் தமிழ் 'யாப்பு' என்னும் சொல்லுக்கும் கட்டுதல் என்றுதானே பொருள்? 'தளை' என்பதும் கட்டுத்தான் அல்லவா?

விடியற்காலையில் தொழுகைக்குப் பின் இதை மகனிடம் சொன்னேன். அவன் ஆர்வத்தோடு கேட்டான். மீண்டும் சொல்லச் சொன்னான். பிறகு, தோப்பைச் சுற்றி முளைத்திருந்த செடிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டி, அவற்றின் பெயரையும் குணத்தையும் எனக்குச் சொன்னான். பாதிக்கு மேல் எனக்குத் தெரியாதவை. எதையும் முழுதாகப் படிப்பதில்லை என்று இரவில் கடிந்துகொண்டேனே, அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நீங்களும் நிறுத்திப் பார்க்க

பிள்ளைகளோடு ஒரு முறை செய்து பாருங்கள். மொட்டைமாடியில் இயலாது, மண் வேண்டும். 3 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் கொண்ட துணி இருவருக்குப் போதும். இலேசான தார்ப்பாயும் பழகுவதற்கு உதவும்.

முதலில் நான்கு மூலைகளையும் கயிற்றால் முளைகளில் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். கோலை 115 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டி, அதன் கூர்முனையை முகட்டு நுனியிலுள்ள கண்ணில் செருகி, கைப்பிடியைத் தரையில் ஊன்றுங்கள். கண் இல்லாத துணியானால் கைப்பிடி மேலே இருக்கட்டும். கூர்முனை துணியைக் கிழித்துவிடும். முகட்டுக் கயிற்றை நேர் முன்னே ஒன்றரை மீட்டர் தொலைவுக்கு இழுத்து முளையில் கட்டுங்கள். மறுமுனையிலும் அவ்வாறே. பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்திருக்கும். காற்று மிகுந்தால் கோலையும் அதே அளவு சுருக்கி, விளிம்பைத் தரையோடு தாழ்த்திவிடலாம்.

முளையின் தலை கூரையைவிட்டு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கயிறு இழுக்க இழுக்க அது மண்ணைப் பற்றும். இளகிய மண்ணில் கீதாரியின் முறையைக் கையாளுங்கள். பாறை நிலத்தில் புதைக்க வழியில்லை. அங்கே குச்சியைப் படுக்கவைத்து அதன்மேல் பெருங்கல் ஏற்றுங்கள். நைலான் துணி நனைந்தால் தளரும். உறங்கும் முன் ஒரு முறை இறுக்க மறவாதீர்கள். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால் கண் கிழிந்துவிடும். தளர்ந்தாலும் கேடு, மிகையாக இறுகினாலும் கேடு! பிள்ளை வளர்ப்போருக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே அடுப்பு மூட்டவே கூடாது. துணி தீப்பிடிக்கும் என்பது ஒன்று; அடைபட்ட புகை உயிரைக் குடிக்கும் என்பது மற்றொன்று. தென்னை மரத்தடியும் ஆகாது; மட்டையும் காயும் விழுந்தால் மெல்லிய துணி என்ன செய்யும்? வறண்டு கிடக்கும் ஓடையும் ஆகாது. மலையில் பெய்த மழை, அடிவாரத்தில் வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும்.

சுமைதான் இலேசு, பொறுப்பு இலேசன்று

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயை நம் மாவட்டம் மறக்குமா? மலையேற்றத்திற்கு வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். காய்ந்த புல்லில் பற்றிய தீயின் வேகத்துக்கு முன் ஓடிய கால்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தப் பெற்றோர்களின் துயரை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கின்றது. கோடைத் தொடக்கத்தில் நம் மலைகள் நெருப்புக்குக் காத்திருக்கும் வைக்கோல்போர். அந்தப் பருவத்தில் எந்தக் கூரையும் காப்பாகாது; போகாமல் இருப்பதே காப்பு.

2023-ஆம் ஆண்டு மே மாதம் அரிக்கொம்பன் என்னும் காட்டுயானை கம்பம் நகரின் தெருக்களுக்குள்ளேயே நுழைந்ததையும், ஜூன் மாதத்தில் அது பிடிக்கப்பட்டு வேறு காட்டில் விடப்பட்டதையும் அறிவீர்கள். ஊருக்குள்ளேயே வரும் யானைக்குக் காட்டோரத்தில் ஒரு துணிக்கூரை எம்மாத்திரம்? மேகமலைப் பகுதி 2021 முதல் புலிகள் காப்பகமும் ஆகும். எனவே அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவதும், இரவில் தங்குவதும் சட்டப்படியும் தவறு, அறிவுப்படியும் தவறு. மலையில் நடக்க விரும்புவோருக்காக 2024-ஆம் ஆண்டு 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் பெயரில் 40 வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் வழியும் அவற்றுள் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு பகலில் சென்று திரும்புங்கள். இரவுக்கூரைக்கு உறவினர் தோப்பே போதும். அங்கும் காவலுக்கு ஆள் இருக்கட்டும்.

இந்த முறைக்குக் குறையே இல்லையா? உண்டு. கூரையை நிறுத்திவிட்டால் நடக்கக் கோல் இருக்காது. கோல் முறிந்தால் நடையும் போயிற்று, வீடும் போயிற்று. ஒன்றை இரண்டுக்குப் பயன்படுத்துபவன் அந்த ஒன்றை இரு மடங்கு பேண வேண்டும்.

மறுநாள் திரும்பி நடந்தபோது ஒரு கோல் அவன் கையிலும் மற்றொன்று என் கையிலும் இருந்தன. வழியில் அவன் முன்னே போய்விடுவான். பின்பு நின்று எனக்காகக் காத்திருப்பான். நான் நெருங்கியதும் மீண்டும் நடப்பான். ஒரு கோலால் நடக்கலாம். ஆனால் அந்தக் கூரையை நிறுத்த இரண்டும் வேண்டும்.

என் கோல் இப்போது மதரஸாவில் என் அறையின் மூலையில் நிற்கின்றது. "ஹஜ்ரத், கால் வலியா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். "ஆம், வலிதான்" என்று கூச்சமின்றிச் சொன்னேன். மற்றொரு கோலை மகன் கோவைக்குக் கொண்டு சென்றுவிட்டான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது மறவாமல் எடுத்து வரச் சொல்லியிருக்கின்றேன். துணியும் கயிறும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, இன்ஷா அல்லாஹ்.